கல் காட்டிய எல்லை

நடுவர் அவர்களே, வணக்கம். 'பசுமைக் கட்டடத்துக்கு வழிகாட்டுவது நகர வரலாறா, நவீனத் தொழில்நுட்பமா?' இதுதான் தலைப்பு. பசுமைக் கட்டடம் என்றால், மின்சாரத்தையும் தண்ணீரையும் வீணாக்காமல், சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் இருக்கும் கட்டடம். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "வரலாறு மியூசியத்துக்கு, கட்டடத்துக்கு சாஃப்ட்வேர்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். அதில் பாதியையாவது இந்தப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் உட்காருவேன்.

ஈரானில் யஸ்த் என்றொரு பாலைவன நகரம். அங்கே வீட்டுக்கு மேலே புகைபோக்கி மாதிரி ஒரு கோபுரம் நிற்கும். பெயர் பாட்கீர். உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்குவது அதன் வேலை. சில வீடுகளில் அந்தக் காற்று கீழே உள்ள தண்ணீரைத் தடவிக்கொண்டு, குளிர்ந்துதான் அறைக்குள் நுழையும். காற்றே வீசவில்லையா? உள்ளிருக்கும் சூடு அதே கோபுரம் வழியாக மேலேறி வெளியே போய்விடும். கரன்ட் பில்லே கிடையாது, நடுவர் அவர்களே!

அபுதாபியில் புதிதாக எழுப்பிய பசுமை நகரமான மஸ்தாரை நண்பர் மெச்சிப் பேசினார். நல்ல நகரம்தான். ஆனால் அதை வடிவமைத்தவர்கள் பழைய அரபு ஊர்களைப் படித்துவிட்டல்லவா கோடு போட்டார்கள்? குறுகலான தெரு, நிழல், 45 மீட்டர் காற்றுக் கோபுரம்! சாட்சியை எதிரணியே கூட்டி வந்திருக்கிறது.

"பழைய நகரங்கள் தீப்பிடித்து எரிந்தன" என்றார். உண்மை, 1666இல் லண்டன் எரிந்தது. மறு ஆண்டே, வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சாம்பலும் வரலாறுதானே ஐயா? பழைய வீட்டை ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லவில்லை நாங்கள். எது நின்றது, எது போனது என்று பார்த்துவிட்டுக் கட்டச் சொல்கிறோம்.

பசுமையா என்று கேட்கும் முன், கட்டியது நிற்குமா என்று கேட்க வேண்டாமா? ஜப்பானின் மியாகோ நகரப் பகுதியில் அனெயோஷி என்றொரு சிற்றூர். 1933 சுனாமிக்குப் பிறகு அங்கே மலைச்சரிவில் ஒரு கல் நட்டார்கள். 'இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள்' என்று அதில் வெட்டியிருக்கிறது. கட்டவில்லை. 2011இல் கடல் பொங்கி வந்தது. அந்தக் கல்லை எட்டாமலே நின்றது. மேட்டு வீடுகள் தப்பின. அதே மியாகோவில் தாரோ பகுதிக்கு 10 மீட்டர் கடற்சுவர் இருந்தது. அதைத் தாண்டிப் போனது அலை.

மணி அடித்துவிட்டீர்கள். அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அனெயோஷிக்காரர்களுக்கு மேட்டைக் காட்டியது எந்த சாஃப்ட்வேர்?