வலையைப் பல்லில் கடித்த மனிதர்

வணக்கம் நேயர்களே. உயர்தரப் பெறுபேறு வெளிவரும் கிழமையில், நாடகம் படிப்பிக்கும் ஆசிரியரான என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. "சேர், பிள்ளை கம்பஸில நாடகமும் அரங்கியலும் படிக்கப் போறாளாம். படிச்சு என்ன செய்யிறது?" என்று கேட்பார்கள். நான் படிக்கப் போனபோது என் வீட்டிலும் இதே கேள்விதான் வந்தது. "கூத்தாடப் பட்டம் வேணுமோ?" என்று அம்மம்மா ஒருபடி மேலே போய்க் கேட்டார். அவருடைய தகப்பனார் ஊரில் பேர்போன கூத்துக்காரர். பட்டம் எதுவும் வாங்காமலே ஆடியவர். அதனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை.

மட்டக்களப்பில் நான்கு வருடம் நாடகம் படித்தேன். முதல் கிழமையே மேடையில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். அவர்களோ எங்களைக் கல்லடிப் பாலத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மணித்தியாலம் ஒரே ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வா, நாளைக்கு அந்த ஆளாக நின்று காட்டு என்பதுதான் பயிற்சி. வாவியில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் வகுப்பறையின் சீமெந்துத் தரையில் இல்லாத வலையை எறிந்தேன். கை நன்றாகத்தான் சுழன்றது. விரிவுரையாளர், "வலையின் மற்றப் பக்கம் எங்கே?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அதே ஆளைப் பார்த்திருந்த வகுப்புத் தோழி எழுந்து வந்தாள். வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்து, முழங்கையில் ஒரு பகுதியைத் தொங்கவிட்டு, இடுப்பைத் திருப்பி எறிந்தாள். எறியும்போது வாயைத் திறந்தாள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அந்த மனிதர் வலையைப் பல்லில் கடித்திருந்தார். ஒரு மணித்தியாலம் பார்த்தும் நான் அதைக் காணவில்லை.

நாடகப் படிப்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். நடிப்பு அதில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி பார்க்கப் பழகுவது.

அப்புறம் கூத்து. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகளையும், கூத்து பழக்கும் ஆசானான அண்ணாவியார் வந்து பழக்கினார். ஊரில் ஒரு கூத்து மேடையேற மாதக்கணக்கில் ஆகும். ஆட்களுக்குப் பாத்திரம் பிரித்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டம் கொடுக்க வேண்டும். கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று பல ஒத்திகைப் படிகளைத் தாண்டித்தான் அரங்கேற்றம். எங்களுக்குக் கிடைத்ததோ ஒரு தவணை. மத்தளம் தாளத்தைச் சொல்ல, கால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் கால் எப்போதும் அரை அடி பின்னால் நின்றது. வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்பு என்று ஒன்று உண்டு. இடுப்பைச் சுற்றி வளையம் போல் விரிந்து நிற்கும் உடை. அதைக் கட்டிக்கொண்டு சுழன்று பாருங்கள். பாட்டும் ஆட்டமும் மூச்சும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். விடியும்வரை ஆடிய பூட்டனாரை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்', அதன் பிறகு 'இராவணேசன்' என்று மாணவர்களை வைத்து மேடையேற்றினார். இரவிரவாக ஆடும் கூத்தைச் சுருக்கி, சுற்றிலும் சனம் இருந்து பார்க்கும் வட்டக்களரியில் ஆடியதை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து ஒரு தலைமுறையையே பழக்கினார். "சுருக்கினால் அது கூத்தா?" என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சுருக்கியதில் பிழை இல்லை என்பது என் கட்சி. ஆனால் ஊரில் விடியவிடிய இருந்து ஒரு கூத்தையாவது பார்க்காதவன் கூத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

எழுத்துப் பாடமும் நிறைய உண்டு. கிரேக்க அரங்கு, சமஸ்கிருத அரங்கு, நடிப்புப் பயிற்சிக்கு முறை வகுத்த ரஷ்யர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட். மாணவர்கள் எல்லோரும் பரீட்சைத் தாளில் ஒரு வசனம் எழுதுவார்கள்: பார்ப்பது நாடகம்தான் என்று சபைக்கு நினைவூட்ட வேண்டும் என பிரெக்ட் சொன்னதை, கூத்தில் வருபவர்களை அறிமுகம் செய்யும் எங்கள் கட்டியகாரன் எப்போதோ செய்துவிட்டான். நானும் எழுதிப் புள்ளி வாங்கினேன். இப்போது என் மாணவர் எழுதினால் வெட்டிவிடுவேன். 1935இல் மொஸ்கோவில் மெய் லான்பாங் என்ற சீன நடிகரைப் பார்த்த பிறகு பிரெக்ட் ஒரு கட்டுரை எழுதினார். அந்த நடிகரிடம் தன் தேவைக்கு எதை எடுக்கலாம் என்று பார்த்தார். அந்த வேலையைச் செய்யாமல் வெறுமனே மார்தட்டி என்ன பயன்?

கடைசி வருடத் தயாரிப்பில் எனக்கு அரசன் வேடம் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். மேடை முகாமை தந்தார்கள். ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பது, பொருட்களைக் கணக்கு வைப்பது, யார் எந்தப் பக்கத்தால் வருவார் என்று எழுதி வைப்பது. மேடையேற்றம் அன்று கிரீடத்தை ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன். அரசன் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தான். சபையில் ஒருவரும் கேட்கவில்லை. நான் மட்டும் திரைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து எதைச் செய்தாலும் பட்டியல் போட்டுச் சரிபார்க்கும் பழக்கம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவைப் பொறுப்பெடுக்கச் சொல்லி அதிபர் என்னைத் தேடுவதும் அதனால்தான்.

சரி, வேலை. மறைக்காமல் சொல்கிறேன். பலரும் ஆசிரியராகத்தான் போகிறோம். நியமனம் வரும்வரை காத்திருப்பு நீளும். நான் அந்தக் காலத்தில் தனியார் வகுப்பு எடுத்தேன், கலியாண வீடுகளுக்கு மேடை சோடித்தேன். சிலர் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் போனார்கள். நடிகராக மட்டும் வாழலாம் என்று பிள்ளைக்கு யாராவது சொல்லியிருந்தால், அதை நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் பிள்ளை விரும்பினால் விடுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, செய்முறைத் தேர்வும் உண்டு. அறிவித்தலைத் தவறவிடாதீர்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று: சினிமா வசனம் பாடமாக்கிக்கொண்டு போக வேண்டாம். உங்கள் ஊரில் மீன் வெட்டுபவர், பஸ் நடத்துனர், கோயில் ஐயர் என்று யாரையாவது ஒரு கிழமை பாருங்கள். கையை மட்டும் பார்க்காதீர்கள், வாயையும் பாருங்கள். வணக்கம்.