பெங்களூரு குளித்த நீர், கோலார் ஏரியில்

எல்லோருக்கும் வணக்கம். மறுசுழற்சி நீர் என்று சொன்னாலே சிலர் முகம் சுளிப்பீர்கள். பரவாயில்லை, நேராகக் கோலாருக்கே போவோம்.

பெங்களூருவின் குடிநீர் காவிரி. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அப்படி வந்த நீரைக் குளித்து, துவைத்து, சுத்தம் செய்தும் செய்யாமலும் பெல்லந்தூர் ஏரியில் விட்டார்கள். ஏரி நுரைத்தது, 2017-இல் தீயும் பிடித்தது. பக்கத்துக் கோலாரிலோ ஆயிரம் அடி தாண்டித் துளைத்தாலும் போர்வெல்லில் காற்றுதான்.

2018 முதல், சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியே கோலாருக்கு அனுப்புகிறார்கள். கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்று பெயர். முதல் கட்டத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். லட்சுமிசாகர் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த ஏரிக்கு நீர். புதிதாக வெட்டிய ஏரிகள் இல்லை இவை, முன்னோர் அடுக்கடுக்காகக் கட்டிவைத்தவை. ஏரியிலிருந்து வயலுக்கு நேரே இறைக்கக் கூடாது. மண்ணில் இறங்கிக் கிணற்றில் ஊற வேண்டும் என்பதே ஏற்பாடு. மழை பொய்த்தாலும் நகரம் குளிக்காமல் இருக்காதே! விவசாயிக்கு இந்த வரத்து பெரிய தைரியம்.

சரி, குறையே இல்லையா? தண்ணீர் வந்த சில வாரங்களிலேயே லட்சுமிசாகரிலும் நுரை பொங்கியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், தடை விழுந்து, 2019-இல் விலகியது. வழக்குப் போட்டவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு, அதாவது நுண்ணுயிரிகளை விட்டுக் கழிவைத் தின்னவைப்பது, போதுமா? அதில் அழுக்கு குறையும், ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கணிசமாக மிஞ்சலாம். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டும், கிணற்றில் நைட்ரேட் ஏறும். அந்த நிலத்தடி நீரைத்தானே ஊரார் குடிக்கிறார்கள்? அந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளை நீக்கி, மணலில் வடிகட்டி, கிருமி கொல்லும் மூன்றாம் நிலையும் வேண்டும் என்பதே என் கட்சி. செலவாகும் என்பார்கள். காவிரியை அவ்வளவு உயரம் ஏற்றக் காசு இருந்ததே?

அப்புறம், பாலாறு கோலார் மாவட்டம் வழியாகத்தான் வேலூர்ப் பக்கம் வருகிறது. ஆகவே நமக்கும் கேட்க உரிமை உண்டு. ஒவ்வொரு ஏரியிலும் மாதாமாதம் நீரைச் சோதியுங்கள், முடிவைக் கரையிலேயே பலகை வைத்து எழுதுங்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.