ஜீப்பில் ஏறவே பயம், வீட்டில் தனியாக இருக்கவும் பயம்: கூடலூர் சகோதரிக்கு ஒரு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி கூடலூரில் இருந்து வந்திருக்கிறது. நீலகிரி கூடலூர் இல்லை, நம்ம கம்பம் பக்கத்துக் கூடலூர். கேள்வி கொஞ்சம் நீளம், அதனால் சுருக்கிச் சொல்கிறேன்.

இந்தத் தங்கச்சி தினமும் விடியற்காலையில் ஜீப்பில் குமுளி மலை ஏறி, கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்தவர். சில மாதங்களுக்கு முன்னால், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, விரல் எல்லாம் மரத்து, "இத்தோடு நம்ம கதை முடிந்தது" என்று ஆகிவிட்டது. ஜீப்பை நிறுத்தி, இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஈசிஜி நன்றாக இருந்திருக்கிறது. "ஒன்றும் இல்லை, கேஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் சில தடவை அதே மாதிரி வந்திருக்கிறது. இப்போது ஜீப்பும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியவில்லை. வீட்டில் தனியாக இருக்க முடியாமல் மாமியார் கூடவே இருக்கிறார். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. "இந்தப் பயம் முழுசாகப் போய்விடுமா? போகிற வரைக்கும் வீட்டிலேயே இருந்துவிட்டு, சரியான பிறகு வேலைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பயம் போகட்டும், அப்புறம் கிளம்பலாம் என்று வீட்டில் உட்கார்ந்தால் அது போகாது. பயம் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினால்தான் குறையும். ஏன் என்று சொல்லாமல் விட்டால் இது சும்மா தைரியம் சொல்கிற பேச்சாகிவிடும். அந்தப் பேச்சை நீங்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பீர்கள்.

அந்த "ஒன்றும் இல்லை" என்பதை எடுத்துக்கொள்வோம். இதயத்தில் கோளாறு இல்லை, அது நல்ல செய்தி. ஆனால் உங்களுக்கு வந்தது பொய் இல்லை, நடிப்பு இல்லை, கேஸும் இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது பேனிக் அட்டாக். நெஞ்சு அடிப்பது, வியர்ப்பது, நடுங்குவது, மூச்சு முட்டுவது, செத்துவிடுவோம் என்று தோன்றுவது எல்லாமே அதன் அடையாளங்கள்.

2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளே வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்ட யானை, மலை இறங்கி நம்ம தெருவுக்கே வந்துவிட்டது. 144 போட்டார்கள். அன்றைக்கு அதை நேருக்கு நேர் பார்த்தவர்களுக்கு உடம்பில் என்ன நடந்திருக்கும்? சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் இறக்கும். ஓடுவதற்குக் காலுக்கு ரத்தம் வேண்டும், அதனால் நெஞ்சு வேகமாக அடிக்கும். மூச்சு வேகமாகும், வியர்க்கும், வயிறு கலங்கும். அத்தனையும் உயிரைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை. ஜீப்பில் உங்களுக்கு நடந்ததும் அச்சு அசலாக அதேதான். யானை மட்டும்தான் இல்லை.

வெளியே யானை இல்லையே, பிறகு ஏன் இப்படி அடிக்கிறது என்று மனசு உள்ளே தேட ஆரம்பிக்கிறது. "அப்படியானால் இது ஹார்ட் அட்டாக்தான்" என்று முடிவுகட்டுகிறது. அந்த நினைப்பே பெரிய பயம். அது இன்னும் அட்ரினலினைக் கொண்டுவருகிறது, நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. இப்படி ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டுத்தான் உச்சிக்குப் போகிறது.

விரல் மரத்ததைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பயத்தில் தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். அதனால்தான் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. காற்றுப் பற்றவில்லை என்று நினைத்து ஜன்னல் பக்கம் முகத்தை நீட்டி மூச்சை இழுத்து இழுத்து விடுவோம். அதனால் கிறுகிறுப்பு கூடத்தான் செய்யும். உள்ளே இழுப்பதை விட்டுவிடுங்கள். வாயைக் குவித்து, மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே போவது தானாகப் போகும்.

அப்புறம், மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம். சாதாரணமாக மயக்கம் வருவது பிரஷர் சடாரென்று இறங்கும்போது. பேனிக் நேரத்தில் பிரஷர் கூடுகிறதே தவிர இறங்குவதில்லை. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் விழுந்துவிடுகிற சிலர் இருக்கிறார்கள், அது தனி வகை. உங்களுக்கு விழுவது போலத் தோன்றுகிறது, ஆனால் இத்தனை தடவையில் ஒரு தடவைகூட விழவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனியுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். பிறகு நீங்கள் என்ன செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், தானாக இறங்க ஆரம்பிக்கும். அந்த வேகத்தில் உடம்பு ரொம்ப நேரம் ஓட முடியாது. ஆனால் அன்றைக்கு நீங்கள் உச்சத்திலேயே ஜீப்பை விட்டு இறங்கிவிட்டீர்கள். சற்று நேரத்தில் பயம் தணிந்தது. மனசு என்ன கணக்குப் போடும்? "இறங்கினதால்தான் பிழைத்தேன்" என்று. அடுத்த தடவை ஜீப்பைப் பார்த்ததுமே அலறும். ரேஷன் கடையில் வரிசையை விட்டு வந்தபோதும் அதே கணக்கு. ஜீப்புக்கும் ரேஷன் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தீர்களா? இரண்டிலும் நினைத்த உடனே வெளியேற முடியாது. உங்கள் பயம் ஜீப் மேல் இல்லை. அந்தப் படபடப்பு மறுபடி வந்தால் அங்கே மாட்டிக்கொள்வோமே என்பதுதான் பயம். விலகி விலகி வந்ததால் அது வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

அதனால் மனசுக்கு வேறு ஒரு கணக்கைக் காட்ட வேண்டும்: "இறங்கவில்லை, ஆனாலும் தணிந்தது." இதை யாரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. நீங்கள் அங்கே இருந்து பார்த்தால்தான் மனசு நம்பும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. 1924-லேயே அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறிய பீட்டர் என்ற சின்னப் பையனிடம் இதைச் செய்து காட்டினார். மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை. முயலைத் தூரத்தில் வைத்து, குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அந்தக் குழந்தை தன் விரலை முயல் மெல்லக் கொறிக்க விட்டு விளையாடினான். பயத்துக்கான சிகிச்சையில் இன்றைக்கும் இந்த வழிதான் நடுநாயகமாக இருக்கிறது.

உங்களுக்கு எப்படி? ஜீப்பில் ஆரம்பிக்க வேண்டாம். மாமியாரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாகக் கொஞ்ச நேரம் இருங்கள். படபடப்பு வரும், வரட்டும். டிவியைப் போடாமல், போனை எடுக்காமல், அது ஏறி இறங்குவதைப் பாருங்கள். நன்றாகத் தணிந்த பிறகு அவரைக் கூப்பிடுங்கள். அது பழகிய பிறகு ரேஷன் கடை, கூட்டம் குறைவான நேரத்தில். அப்புறம் பஸ், கூடலூரில் ஏறி லோயர் கேம்ப் வரைக்கும் மட்டும். சமதளம், நடுவில் இறங்கலாம், ஆனால் இறங்காமல் போய் வாருங்கள். ஒரே படியை நாலைந்து நாள் விடாமல் செய்தால்தான் பலன். ஒரு நாள் போய்விட்டு இரண்டு வாரம் இடைவெளி விட்டால் மறுபடி முதலில் இருந்து தொடங்குவது போல இருக்கும். லோயர் கேம்ப் சாதாரணமான பிறகு மலை ஏறி குமுளி. அதற்கும் பிறகு ஜீப்.

ஜீப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மடியில் தூக்குச்சட்டியோடு, முழங்கால் முழங்காலோடு இடிக்க, ஆட்களை அடைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் விரட்டுகிற ஜீப்பில் பயம் வருவது நோய் இல்லை. அது நியாயமான பயம். அந்த மலையில் விபத்து நடந்திருக்கிறது, நமக்கே தெரியும். அந்தப் பயத்தைத் தாண்டச் சொல்லி நான் கேட்க மாட்டேன். அளவாக ஆள் ஏற்றுகிற, நிதானமாக ஓட்டுகிற டிரைவரின் ஜீப்பில்தான் போக வேண்டும். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து கங்காணியிடம் கேளுங்கள், தனியாகக் கேட்டால் காதில் விழாது.

வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் இருந்து ஓர் அக்கா என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவரோடு நானும் பஸ்ஸில் மலை இறங்கினேன். முன் சீட்டுக் கம்பியை அப்படிப் பிடித்திருந்தார், விரல் மூட்டு எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "விட்டால் விழுந்துருவேன்" என்றார். ஒவ்வொரு விரலாக எடுங்கள் என்றேன். சுண்டுவிரலை எடுத்தார், கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் மோதிர விரல். கடைசியில் கை முழுசாக வந்தபோது கம்பி ஈரமாக இருந்தது, உள்ளங்கையில் கோடு பதிந்திருந்தது. கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டார். வளைவு வந்தது, எல்லோரும் சாய்ந்தது போல அவரும் சாய்ந்தார், நிமிர்ந்தார். மூச்சைச் சரி செய்யுங்கள் என்று நான் சொல்லவே இல்லை, கை விட்ட பிறகு அதுவே நீண்டுவிட்டது.

உங்களுக்கு அந்தக் கம்பி எது? பர்ஸில் வைத்திருக்கிற மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், கூட வரும் மாமியார், கையில் கட்டிய கயிறு. கயிறு கட்டியதைத் தப்பு என்று சொல்லவில்லை, சாமி நம்பிக்கை இருக்கட்டும். ஆனால் "கயிறு அறுந்தால் என்ன ஆகும்" என்று இன்னொரு பயம் வந்தால் அது உதவி இல்லை. இவற்றை ஒவ்வொன்றாக, கடைசியில் விடுங்கள், அவசரம் இல்லை.

மாத்திரையை மட்டும் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது அல்பிரசோலம். அது உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடக்கூடியது. தினமும் சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த நோய்க்கு மாதக்கணக்கில் எடுக்கிற மாத்திரைகள் வேறு இருக்கின்றன, செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் மாதிரி. அவை பழக்கம் ஆகாது, ஆனால் வேலை செய்யச் சில வாரம் ஆகும். ஆரம்பத்தில் சிலருக்குப் படபடப்பு கூடக் கொஞ்சம் கூடும். அது தெரியாமல் நாலாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு இது ரொம்ப வருத்தம்.

தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இரண்டுமே படபடப்பைக் கொடுக்கும். ஈசிஜி திரும்பத் திரும்ப வேண்டாம். விடியற்காலையில் வெறும் வயிற்றில் கட்டங்காப்பி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவதையும் நிறுத்துங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, க.விலக்கில் இருக்கிறதே, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை போக முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம். மலைக்கு மேலே இருக்கிற நம்ம ஆட்களுக்கும் இதைச் சொல்லுங்கள். மலையாளத்தில் உடம்பு வலியைச் சொல்லிவிடலாம், மனசு வலியைச் சொல்ல வராது என்று பல பேர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

முழுசாகப் போகுமா என்று கேட்டீர்கள். பலருக்கு நன்றாகவே குறைந்து வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் தூக்கம் கெட்ட நாளில், வீட்டில் சண்டை நடந்த நாளில், எப்போதாவது ஒன்று எட்டிப்பார்க்கும். அன்றைக்கு "எல்லாம் பாழாய்ப் போச்சு" என்று மறுநாள் வீட்டில் படுத்துவிடாதீர்கள். மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறுங்கள், வேண்டுமானால் ஒரு நிறுத்தம் குறைத்து.

உங்கள் அத்தை இதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மா, இத்தனை நாள் மருமகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டது பெரிய காரியம். இனிமேல் அவளுக்குப் படபடப்பு வரும்போது "ஐயோ என்ன ஆச்சு" என்று தண்ணீரோடு ஓடி வராதீர்கள். "பயப்படாதே" என்றும் சொல்ல வேண்டாம், அது முடியாத காரியம். "வந்திருக்கா? சரி, இருக்கட்டும், இறங்கிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்யுங்கள்.