குடிக்காதவர் விஸ்கி டிஸ்டில்லரிக்குள் போய் என்ன பார்ப்பது?

அடுத்த கேள்வி. இதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரே சந்தோஷம், அதனால கொஞ்சம் நீளமாவே பேசப் போறேன். கேட்டிருக்கிறவர் சொல்றார்: "நாங்க நாலு நண்பர்கள் ஸ்காட்லாந்து போறோம். மத்த மூணு பேருக்கும் விஸ்கி டிஸ்டில்லரியை கைடோட சுத்திப் பாக்கணும்னு ஆசை. நான் குடிக்கிறதில்ல, கார் ஓட்டப் போறதும் நான்தான். எனக்கு அது வீண் செலவா? நான் வெளியிலயே இருந்துடட்டுமா?"

வெளியில இருக்காதீங்க. உள்ள போங்க. இன்னும் சொல்லணும்னா, அந்த நாலு பேர்ல நிறைய அனுபவிச்சிட்டு வரப்போறது நீங்களாத்தான் இருப்பீங்க.

முதல்ல கார் விஷயத்தை முடிச்சிடறேன். ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்ல இருந்து சட்டம் இறுகிடுச்சு. 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால், அவ்வளவுதான் வரம்பு. பக்கத்துல இங்கிலாந்துல அது 80. அதனால ஓட்டுறவர் ஒரு வாய்கூட வேண்டாம்னு வைக்கிறதுதான் சரி. நிறைய டிஸ்டில்லரிகள்ல, ருசி பாக்கக் கொடுக்கிற விஸ்கியில ஓட்டுறவருக்கான பங்கைச் சின்னச் சின்ன பாட்டில்ல ஊத்திக் கையில கொடுத்துடுவாங்க. டிக்கெட் போடும்போதே கேட்டு வச்சுக்குங்க. நீங்க குடிக்காட்டியும் நண்பர்களுக்கு ஆகும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டிஸ்டில்லரியைப் பாக்கப் போறதுன்னா அது நாக்குக்கான வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. மூக்குதாங்க அங்க முக்கியம். ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் வாசனை மாறும். மால்ட்டை, அதாவது முளைக்க வச்சுக் காய வச்ச பார்லியை, அரைச்சுச் சுடுதண்ணியில ஊற வைக்கிற இடத்துல கஞ்சி கொதிக்கிற மாதிரி இனிப்பான ஆவி. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிற பெரிய தொட்டிங்க பக்கம் போனா பழ வாசனை, லேசா புளிப்பு. பீப்பாய் அடுக்கின கிடங்குல ஈரமும் மரமும் கலந்த ஒரு மணம். இதுக்கெல்லாம் ஒரு சொட்டு குடிக்க வேண்டியதில்லையே.

நாங்க ஒரு டிஸ்டில்லரிக்குப் போனப்ப எங்க கூட்டத்துலயும் குடிக்காத நண்பர் ஒருத்தர் இருந்தார். புளிக்கிற தொட்டியோட மூடியை கைடு திறந்து காட்டினதும், இவர் ஆர்வத்துல தலையை நேரா உள்ள கொண்டு போயிட்டார். அடுத்த நொடி கண்ணெல்லாம் தண்ணி, விலகி வந்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலோட சேர்த்து கார்பன் டை ஆக்சைடையும் விடுது. காத்தைவிடக் கனமானதால அது தொட்டிக்குள்ளயே தேங்கி நிக்கும். ஊசி குத்தின மாதிரி ஏறும், அதிகமா இழுத்தா ஆபத்தும்கூட. கையால விசிறி மெதுவா மோந்து பாருங்கன்னு கைடு சொல்லிக் கொடுத்தாங்க. நீங்களும் அப்படியே செய்யுங்க.

அதே நண்பர்தான், மத்தவங்க எப்படா டேஸ்டிங்குக்குப் போவோம்னு இருந்தப்ப, புளிச்ச திரவத்தைக் காய்ச்சி வடிக்கிற செம்புக் கலங்கள் இருக்கிற அறையில நின்னு கேட்டார்: "ஏன் எல்லாமே செம்பு? ஸ்டீல்ல செஞ்சா மலிவாச்சே?" கைடு முகத்துல ஒரு வெளிச்சம் வந்தது பாருங்க.

செம்பு பத்தி நான் முன்னாடி பேசின வீடியோவைப் பாத்தவங்களுக்கு இப்ப நான் எங்க வர்றேன்னு தெரிஞ்சிருக்கும். ஆனா இன்னொரு தடவை சொல்றேன், ஏன்னா எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கல. புளிச்ச அந்தத் திரவத்துல கந்தகச் சேர்மங்கள் இருக்கு. அவிஞ்ச முட்டைக்கோஸ் மாதிரி, கெட்ட முட்டை மாதிரி வாசனை அடிக்கும். ஆவி செம்புச் சுவர்ல படும்போது செம்பு அந்தக் கந்தகத்தைப் பிடிச்சு வச்சுக்குது. அப்படிப் பிடிச்சுப் பிடிச்சு செம்பே மெலிஞ்சு போகும். பல வருஷம் ஓடின கலத்துல மெலிஞ்ச பகுதியை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைக்கிறாங்க. பாத்திரம் தன்னையே கொடுத்துச் சுத்தம் பண்ணுது. இதை நேர்ல நின்னு பாக்கிறதுக்காகவே நான் டிக்கெட் வாங்குவேன்.

வடிவமும் சும்மா இல்ல. கிளென்மோரஞ்சிங்கிற டிஸ்டில்லரியில கலத்தோட கழுத்து 5 மீட்டருக்கும் மேல உயரம். கனமான ஆவி அவ்வளவு தூரம் ஏற முடியாம குளிர்ந்து திரும்ப விழும், மறுபடி கொதிக்கும், செம்புல படற நேரமும் கூடும். வர்றது மென்மையான ஸ்பிரிட், அதாவது பீப்பாய்க்குப் போறதுக்கு முன்னாடி வடிச்சு எடுக்கிற சாராயம். மக்காலன்ங்கிற டிஸ்டில்லரியில கலம் குட்டையா, சின்னதா இருக்கும். அங்க கனமான, எண்ணெய்ப் பசை உள்ள ஸ்பிரிட் வருது. மூலப்பொருள் ரெண்டு இடத்துலயும் மால்ட் பார்லிதான்.

அதனால எங்கிட்ட "குடிக்காதவன் போகலாமா"ன்னு கேக்கிறதைவிட, "கைடுகிட்ட என்ன கேக்கணும்"னு கேட்டிருந்தா இன்னும் பிடிச்சிருக்கும். அதுக்கும் பதில் சொல்லிடறேன். கண்ணாடி பதிச்ச பித்தளைப் பெட்டி ஒண்ணு இருக்கும், பூட்டோட. ஸ்பிரிட் சேஃப்ம்பாங்க. வடிஞ்சு வர்றது அதுக்குள்ளதான் ஓடும். அந்தக் காலத்துல அதோட சாவி வரி அதிகாரி கையில. முதல்ல வர்றதையும் கடைசியில வர்றதையும் ஒதுக்கிட்டு நடுப்பகுதியை மட்டும்தான் பீப்பாய்க்கு எடுக்கிறாங்க. இப்படிப் பிரிக்கிறதைத்தான் வெட்டுறதும்பாங்க. "நீங்க எப்போ வெட்டுறீங்க? ஏன் அந்த இடத்துல?" இதைக் கேளுங்க. பீட்ங்கிற சதுப்பு நிலக் கரிமண்ணை எரிச்சு அந்தப் புகை போட்ட மால்ட்னா கொஞ்சம் தாமதமா வெட்டுவாங்க, ஏன்னா புகை வாசனை பின்னாடிதான் நிறைய வரும். ஒவ்வொரு ஆலையோட குணமும் இந்த முடிவுலயும் இருக்கு.

அப்படி வர்றது தண்ணி மாதிரி நிறமே இல்லாம இருக்கும், சுமார் 70 சதவீத ஆல்கஹால். கைடு கையில ஒரு சொட்டு விட்டுத் தேய்ச்சு மோந்து பாக்கச் சொன்னா விட்டுடாதீங்க. அப்புறம் ஓக் பீப்பாயில குறைஞ்சது 3 வருஷம், அது சட்டம். வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாப் போயிடும். கிடங்குல நீங்க மோந்து பாக்கிறதுல அதுவும் சேர்த்திதான்.

ஆலையைத் தேர்ந்தெடுக்கிறது உங்க கையில இருந்தா, பார்லியைத் தரையில பரப்பி அவங்களே முளைக்க வைக்கிற இடமாப் பாருங்க. ஸ்பிரிங்பேங்க், லாஃப்ராய்க், பால்வெனி மாதிரி சில இடங்கள்லதான் இன்னும் அது இருக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். மூணு நாலுன்னு அடுக்கினா மூக்கு மரத்துப் போகும், நண்பர்களுக்குத் தலையும் சுத்தும்.

முக்கியமா இன்னொண்ணு. பராமரிப்புக்காக வருஷத்துல சில வாரம் உற்பத்தியை நிறுத்துவாங்க, பெரும்பாலும் கோடையில. அப்பவும் சுத்திக் காட்டுவாங்க, ஆனா கலம் குளிர்ந்து கிடக்கும், தொட்டி காலியா இருக்கும். குடிக்கிறவங்களுக்குக் கடைசியில ஒரு கிளாஸாவது உண்டு. உங்களுக்கு அந்த வாசனைதான் எல்லாமே. அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, "அன்னிக்கு கலம் ஓடுதா?"ன்னு ஒரு மெயில் போட்டுக் கேட்டுடுங்க.

சரி, அடுத்த கேள்வி…