டார்ச் அடிச்சா உள்ளங்கை ஏன் சிவக்குது? நரம்பு ரிப்பேரோட சிக்கலும் அதுல தான் இருக்கு

வணக்கம் மக்களே. ரூம் லைட்ட ஆஃப் பண்ணிட்டு போன் டார்ச்ச உள்ளங்கைக்கு கீழ வச்சு பாருங்க. கை சிவப்பா தெரியுதா? டார்ச் வெள்ளையா தான் அடிக்குது, ஆனா அதுல இருக்குற நீலம் பச்சை எல்லாத்தையும் ரத்தமும் சதையும் முழுங்கிடுது, சிவப்பு மட்டும் தப்பிச்சு வெளிய வருது. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

கையில நரம்பு அறுந்தா தைச்சு விட்டா திரும்ப வளரும், ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர், அவ்ளோ தான் ஸ்பீடு. முதுகுத்தண்டுல அடிபட்டா கதையே வேற. அங்க ஒரு தழும்பு உருவாகி வழிய அடைச்சுடும், பத்தாததுக்கு நரம்ப சுத்தியிருக்குற மயலின் உறையிலயே வளர்ச்சிய தடுக்குற புரதங்கள் வேற இருக்கு. அதனால ஸ்டெம் செல்லு, அதாவது வேற வகை செல்லா மாறக்கூடிய செல்லு பக்கம் போனாங்க. ஜப்பான்ல கெயோ யுனிவர்சிட்டில 2021 டிசம்பர்ல தொடங்கி 4 பேருக்கு, ஆளுக்கு 20 லட்சம் செல் வச்சாங்க, அதுல 2 பேருக்கு முன்னேற்றம்னு 2025ல சொன்னாங்க. (இங்க ஒரு ஊசில நடக்க வச்சுடுவோம்னு விளம்பரம் போடுறவங்கள நம்பி காச விடாதீங்க.)

செல்ல உள்ள வைக்கிறது கூட பண்ணிடலாம், போன செல்லு என்னவா மாறுதுங்கறது தான் தலைவலி. நரம்பு செல்லா ஆகலாம், நரம்புக்கு துணையா இருக்குற கிளியா செல்லா ஆகலாம், எதுவும் ஆகாம பெருகி கட்டியாவும் ஆகலாம். வைட்டமின் ஏ-ல இருந்து வர்ற ரெட்டினாயிக் ஆசிட் அத நரம்பு பக்கம் தள்ளி விடும், ஆனா சும்மா ஊசில ஏத்துனா உடம்பு பூரா பரவிடும், வேணும்ங்கற இடத்துல கொஞ்சூண்டு தான் சேரும்.

சரி, அந்த ஆசிட்ட ஒரு நானோ துகளுக்குள்ள (கண்ணுக்கே தெரியாத குட்டி துகள்) பூட்டி வச்சுட்டு, செல்லுக்குள்ள போன பிறகு வெளிச்சம் காட்டி திறந்தா? போர்ச்சுகல்ல கோயிம்ப்ரா யுனிவர்சிட்டி ஆளுங்க எலியோட நரம்பு ஸ்டெம் செல்லுல இத நீல லேசர் வச்சு பண்ணாங்க. நல்லா இருக்குல்ல? இப்ப உங்க உள்ளங்கைய பாருங்க. நீலம் தான் உள்ளயே போகாதே!

இதுக்குனு ஒரு துகள் இருக்கு, அப்கன்வெர்ஷன் நானோபார்ட்டிகிள். கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு ஒளி சதைய தாண்டி ஓரளவு போகும், ஆனா அதுக்கு பூட்ட உடைக்கிற தெம்பு கிடையாது. துகளுக்குள்ள இருக்குற யிட்டர்பியம்ங்கற உலோகம் அந்த ஒளிய சில்லறையா வாங்கி வாங்கி பக்கத்துல இருக்குற தூலியம்ங்கற இன்னொரு உலோகத்துகிட்ட குடுக்கும், அது எல்லாத்தையும் சேர்த்து பெரிய நோட்டா, அதாவது நீலமாவோ புற ஊதாவாவோ வெளிய விடும். பூட்டு அங்கேயே உடையும்.

2018ல ஜப்பான் ரிக்கெனும் சிங்கப்பூர் நேஷனல் யுனிவர்சிட்டியும் இதே வகை துகள வச்சு, மண்டை ஓட்டுக்கு வெளிய இருந்தே ஒளி அடிச்சு எலியோட மூளை ஆழத்துல நரம்பு செல்ல தூண்டி காட்டினாங்க. அது ஸ்டெம் செல் வேலை இல்ல, ஆனா ஒளி அவ்ளோ தூரம் போகும்னு தெரிஞ்சுது.

அவ்ளோ தூரம்னா எலிக்கு சில மில்லிமீட்டர். நமக்கு முதுகுத்தண்டுக்கு மேல தோலு, தசை, எலும்புனு சில சென்டிமீட்டர் இருக்கு. பவர ஏத்தலாம்னா யிட்டர்பியம் வாங்குற அதே 980 நானோமீட்டர் அலைநீள ஒளிய தண்ணியும் உறிஞ்சி சூடாகிடும், உடம்புல பாதிக்கு மேல தண்ணி தானே. அதனால நியோடைமியம்னு இன்னொரு உலோகத்த சேர்த்து 808 நானோமீட்டருக்கு இறங்கி வந்திருக்காங்க, அதுல சூடு கம்மி. வேலை முடிஞ்ச துகள வெளிய எடுக்குறது இன்னொரு பஞ்சாயத்து, ரத்தத்துல போட்டா கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் போய் உக்காந்துக்குது.