வாட்ச்மேன் நோட்டில் லினக்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நிமிடம் இதை எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளருக்கும் தெரியாது. எங்கள் அப்பா வருஷம் தவறாமல் தபால் ஆபீசுக்குப் போய் ரேடியோவுக்கு லைசன்ஸ் கட்டிவிட்டு வருவார். அரசாங்கக் கணக்கில் எங்கள் வீட்டில் ஒரு ரேடியோ, அவ்வளவுதான். அதைக் கேட்டதோ நாங்கள் ஏழு பேர், பின்கட்டில் குடியிருந்தவர்கள், செய்தி நேரத்துக்கு மட்டும் வந்து திண்ணையில் உட்காரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அதற்கும் முன்னால், 1930இல் மதராஸ் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியபோது, பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டார்கள். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர்களை எந்த நோட்டில் எழுதுவது?

2007இல் ரேம் என்று ஒரு கணக்கெடுப்பு வந்தது. சில வீடுகளில் ஆளுக்கொரு டைரி கொடுத்துவிடுவார்கள். எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று அவர்களே எழுதித் தர வேண்டும். டெல்லி, மும்பை, பெங்களூர், பிறகு கொல்கத்தா. அந்த டைரி சென்னைக்கு வரவில்லை. அதற்காக நம்ம ஊர் ஆட்டோக்காரர்கள் யாரும் ரேடியோ கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இங்கேதான் வருவேன்.

நான் பேச வந்தது லினக்ஸ் பற்றி. கணினியைப் போட்டதும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற அடிப்படை மென்பொருள் இருக்கிறதே, பெரும்பாலான வீடுகளில் அது விண்டோஸ். அந்த இடத்தில் உட்காரக்கூடிய இன்னொன்றுதான் லினக்ஸ். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கியது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு ஃபோன் இருந்தால் அதன் அடிவயிற்றிலும் லினக்ஸ்தான். ஆனால் நான் இன்று சொல்வது மேசையில் இருக்கும் கணினியையும் மடிக்கணினியையும் பற்றி மட்டும்.

மக்கள் பணத்தில் நடக்கும் வானொலியும் தொலைக்காட்சியும் இப்போது இணையத்துக்கு வந்துவிட்டன. அந்தத் தளங்கள் லினக்ஸ்காரர்களுக்குத் திறக்கவில்லை என்று புகார் வந்தால், எந்த நாட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "உங்களைப் போல எத்தனை பேர் இருக்கிறார்கள்?" கேட்பதற்கு நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. இந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு.

நான் கோடம்பாக்கத்தில் எட்டு வருஷம் பிரௌசிங் சென்டர் நடத்தியவன். மாடியில் ஒரு அறை, ஆறு கணினி, பிளைவுட் தடுப்பு, ஒரு யூபிஎஸ். ஆறிலும் லினக்ஸ். கொள்கை என்று எதுவும் இல்லை, நேயர்களே. ஆறு விண்டோஸ் வாங்கக் காசில்லை. திருட்டு காப்பி போட பயம். போதாததற்கு ஒவ்வொரு வாடிக்கையாளரின் பென் டிரைவிலும் வைரஸ் வரும். அப்போது உபுண்டு என்ற லினக்ஸின் குறுந்தகட்டைக் கேட்டால் வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். தபால்காரர் அந்த உறையைக் கொடுத்துவிட்டு, "என்ன சார், சினிமாப் படமா?" என்று கேட்பார்.

2006, மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் நாள். பிரௌசிங் சென்டர்காரனுக்கு அதுதான் தீபாவளி. ஒரு ரிசல்ட்டுக்குப் பத்து ரூபாய். படிக்கட்டுவரை பிள்ளைகள், கையில் பதிவு எண் எழுதிய துண்டுச் சீட்டு, பின்னால் அம்மாக்கள். தளத்தைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு வரி: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 இருந்தால் மட்டுமே இந்தத் தளத்தைப் பார்க்க முடியும். எக்ஸ்ப்ளோரர் என்பது விண்டோஸோடு வரும் உலாவி, அதாவது இணையதளங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். ஆறு கணினியிலும் அதே வரி. எதிர்வரிசையில் இருந்த சென்டரிலிருந்து "பாஸ்! பாஸ்!" என்று கத்தும் சத்தம் கேட்கிறது. என் படிக்கட்டில் இருந்த கூட்டம் மெல்லத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது.

என்னிடம் வேலை பார்த்த பையன்தான் காப்பாற்றினான். எங்களிடம் இருந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஒரு சின்ன துணை நிரலைப் போட்டான். ஒரு பட்டியல் வந்தது. அதில் 'விண்டோஸ், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினான். திறந்துவிட்டது! அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே லினக்ஸ். மதிப்பெண் பட்டியல் ஒரு கோடு கூடக் கோணாமல் வந்து நின்றது. அந்தத் தளத்துக்கு எக்ஸ்ப்ளோரர் தேவையே இருக்கவில்லை. வாசலில் நின்று பெயர் கேட்ட ஆளுக்குத்தான் அந்தப் பெயர் தேவைப்பட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உங்கள் உலாவி எந்தத் தளத்துக்குப் போனாலும், போனதும் ஒரு வரி ஒப்பிக்கும்: நான் இன்ன உலாவி, இன்ன கணினியிலிருந்து வருகிறேன் என்று. அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் ஒரு நோட்டு வைத்திருப்பாரே, பெயர், எந்த வீடு, என்ன வேலை என்று எழுதச் சொல்வாரே, அதே மாதிரி. தளத்தின் சர்வரில் அந்த வரி பதிவாகும். மாதக் கடைசியில் அதைக் கூட்டி, விண்டோஸ் இத்தனை, மேக் இத்தனை, லினக்ஸ் இத்தனை என்று அறிக்கை போடுவார்கள். 'சேல்ஸ்மேன்களுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு வைத்த குடியிருப்பில், வாட்டர் ஃபில்டர் விற்க வருகிறவர் நோட்டில் என்ன எழுதுவார்? 'கூரியர்' என்று எழுதுவார். வருஷக் கடைசியில் செயலாளர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நம் குடியிருப்புக்கு சேல்ஸ்மேன்கள் வருவதே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

நான் அதைத்தான் செய்தேன். ரிசல்ட் முடிந்த பிறகும் அந்த வேஷத்தைக் கலைக்கவில்லை. எதற்குக் கலைப்பது, எல்லாத் தளமும் திறக்கிறதே! கடையை மூடும்வரை என் ஆறு லினக்ஸ் கணினிகளும் உலகத்தின் எல்லா நோட்டிலும் விண்டோஸ் என்றே கையெழுத்துப் போட்டன. இன்னொன்று, ஆறுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு, வெளியே தெரிவது ஒரே முகவரி. முகவரியை வைத்து எண்ணுகிறவர்களுக்கு, ஒரு நாளில் வந்துபோன நாற்பது பேரும் சேர்ந்து ஒரே ஆள்.

இந்தப் பொய் சொல்லும் பழக்கம் நான் ஆரம்பித்ததல்ல. தொண்ணூறுகளின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி ராஜாவாக இருந்தது. அதன் செல்லப் பெயர் மொசில்லா. பல தளங்கள் மொசில்லா என்று சொல்லி வருகிறவர்களுக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் காட்டின. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? தன் எக்ஸ்ப்ளோரரையும் மொசில்லா என்றே சொல்ல வைத்தது. பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையே செய்தார்கள். இன்றைக்கு நீங்கள் குரோம் திறந்தாலும் அது வாசலில் முதலில் சொல்வது மொசில்லா என்றுதான்! அதோடு சஃபாரி, கெக்கோ போல, கேஹெச்டிஎம்எல் என்று சொந்தக்காரர்கள் பெயரை எல்லாம் சொல்லும். அந்தக் கேஹெச்டிஎம்எல் எங்கிருந்து வந்தது தெரியுமா? லினக்ஸ் மேசைக் கணினிகளுக்காக கேடிஈ என்ற குழுவினர் எழுதிய கான்குவரர் உலாவியிலிருந்து. அதை எடுத்துத்தான் ஆப்பிள் தன் சஃபாரிக்கு அஸ்திவாரம் போட்டது, அதிலிருந்து கிளைத்தது குரோம். விண்டோஸில் குரோம் திறக்கிற ஒவ்வொருவரும் தெரியாமலே ஒரு லினக்ஸ் உலாவியின் உள்பாகத்தின் பெயரை உச்சரித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் ரிசல்ட் நாளுக்கு அடுத்த வருஷமே இந்தக் கதை பெரிய இடத்தில் நடந்தது. 2007 ஜூலையில் பிபிசி தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் இறக்கிப் பார்க்க ஐப்ளேயர் என்று ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடியது. பிரிட்டனில் தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் லைசன்ஸ் கட்டணம் கட்டுகின்றன, எங்கள் அப்பா ரேடியோவுக்குக் கட்டின மாதிரி. என்ன கணினி வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டா அந்தக் கட்டணத்தை வாங்குகிறார்கள்? பிபிசியை மேற்பார்வை செய்த பிபிசி டிரஸ்டும், எல்லா வகைக் கணினியிலும் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்திருந்தது. பிரதமர் அலுவலகத்தின் இணையதளத்தில் ஒரு மனு போட்டார்கள், 16,000 பேருக்கு மேல் கையெழுத்து. அதில் மேக் வைத்திருப்பவர்களும் உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில் பிபிசியின் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் ஆஷ்லி ஹைஃபீல்ட் ஒரு பேட்டியில் சொன்னார்: எங்கள் தளத்துக்கு பிரிட்டனில் 1 கோடியே 71 லட்சம் பேர் வருகிறார்கள், சர்வர் பதிவுகளை வைத்துப் பார்த்தால் அதில் லினக்ஸ்காரர்கள் 400லிருந்து 600 பேர்வரை இருப்பார்கள். அறுநூறு பேர்! கோடம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை எட்டரைக்கு நின்றால் ஒரு வண்டியில் இறங்குகிற கூட்டம். லினக்ஸ்காரர்கள் கொதித்துப்போனார்கள். கொஞ்ச நாளில் அவரே கணக்கைத் திருத்தினார். திருத்திய எண், 36,600லிருந்து 97,600 வரை.

இந்த எண்களைக் கொஞ்சம் வைத்துப் பார்ப்போம். 600ஐயும் 36,600ஐயும் பக்கத்தில் வையுங்கள், 61 மடங்கு. ஒரே தளம், ஒரே வருஷம், ஒரே ஜனங்கள். திருத்திய பிறகும் அடி எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவே இரண்டரை மடங்குக்கு மேல் இடைவெளி. காய்கறிக்காரர் ஒரு கிலோ என்று தராசில் போட்டதைப் பக்கத்துக் கடையில் நிறுத்தால் 61 கிலோ வருகிறது என்றால், கத்தரிக்காயைப் பற்றியா பேசுவோம், தராசைப் பற்றியா? அவர் மனமறிந்து பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவரவர் கையிலிருக்கும் நோட்டைத்தானே படிப்பார்கள்.

இதே பிபிசிதான் அதற்கு முன்னால் தன் தமிழ் ஒலிபரப்பான தமிழோசையை ரியல் பிளேயர் என்ற மென்பொருளில் கேட்கக் கொடுத்தது. லினக்ஸுக்கும் ரியல் பிளேயர் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வளசரவாக்கத்தில் தங்கியிருந்த ஒரு பெரியவர், ஊர்ச் செய்தி கேட்க என் சென்டருக்கு இரவு வருவார். மூலைக் கணினி அவருக்கு. ஹெட்ஃபோனைக் கழற்றும்போது முகத்தைப் பார்த்தாலே அன்றைய செய்தி தெரிந்துவிடும். அவர் எந்த இயங்குதளத்தில் கேட்டார் என்று அவருக்கும் தெரியாது, கவலையும் இல்லை. அவரை எந்தப் பத்தியில் எண்ணுவது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கணக்கு குறைவாகத்தான் தப்பும் என்றும் நினைக்காதீர்கள். தளங்களை மேய அனுப்பப்படும் தானியங்கி நிரல்களில் பல வாசலில் லினக்ஸ் என்றே சொல்லும். அவற்றைக் கழிக்காமல் விட்டால் லினக்ஸ் எண் ஊதிப்போகும். ஆண்ட்ராய்டு ஃபோனும் வாசலில் லினக்ஸ் என்ற சொல்லைச் சொல்லும், பல ஸ்மார்ட் டிவிக்களும் சொல்லும். இன்னொரு பக்கம், பக்கத்துக்குள் ஒரு குட்டி நிரலை ஒளித்துவைத்து எண்ணும் முறை இருக்கிறது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களிடம் பல சமயம் அது செல்லாது. லினக்ஸ்காரர்களில் தடுப்பான் போடாதவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தரமணி பக்கம் சி-டாக் சென்னை மையத்தில் போஸ் என்ற இந்திய லினக்ஸை உருவாக்கினார்கள், 2007இல் வந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. காலையில் போஸில் திறந்தால் லினக்ஸ் கணக்கு, சாயங்காலம் அதே பெட்டியை விண்டோஸில் திறந்தால் விண்டோஸ் கணக்கு. பிள்ளை ஒன்று, பெட்டி ஒன்று, நோட்டில் இரண்டு வரி. ஸ்டாட்கவுன்டர் என்ற நிறுவனம் பக்கங்களை எண்ணிச் சொல்கிறது. உலக மேசைக் கணினிகளில் லினக்ஸ் 2024 பிப்ரவரியில் 4 சதவீதத்தைத் தாண்டியது, இந்தியாவில் அதே ஆண்டு 10 சதவீதத்துக்கு மேல். அவர்கள் எண்ணுவதும் பார்க்கப்பட்ட பக்கங்களை, ஆட்களை அல்ல.

என் வழக்கு இதுதான். திறக்காத கதவுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உள்ளே இருந்துகொண்டு எண்ண முடியாது. பாதிப் பேர் திரும்பிப் போயிருப்பார்கள், மீதிப் பேர் என் மாதிரி வேஷம் போட்டு உள்ளே வந்திருப்பார்கள். மறுபடியும் சொல்கிறேன், அந்த டைரி சென்னைக்கு வரவில்லை. வியாபாரத் தளம் எண்ணிப் பார்த்துத்தான் செலவு செய்யும், அதை நான் குறை சொல்லமாட்டேன். எல்லோர் காசிலும் நடக்கிற நிறுவனம் அந்த எண்ணை வைத்து யாரை விடுவது என்று முடிவு செய்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். என்ன செய்யலாம் என்பதற்கு அரைப் பக்கம் எழுதி வந்தேன், மொசில்லா கதை அதைத் தின்றுவிட்டது. வேகமாகச் சொல்கிறேன். பிபிசியே அந்த டிசம்பரில் உலாவிக்குள்ளேயே ஓடும்படி ஃபிளாஷ் என்ற துணை மென்பொருளில் கொடுத்தது, லினக்ஸிலும் பார்க்க முடிந்தது. அந்த ஃபிளாஷும் 2020 டிசம்பரோடு முடிந்தது. இப்போது ஒலியும் படமும் பெரும்பாலான உலாவிகளில் நேராகவே ஓடும். தளம் கட்டுகிறவர்கள் வருகிறவரின் பெயரைக் கேட்காமல், இந்த ஒலியை உன்னால் ஓட்ட முடியுமா என்று உலாவியிடமே கேட்கும்படி எழுதலாம், நாலு வரி. அலுவலகத்தில் ஓரமாக ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, புதிதாக எதைச் செய்தாலும் அதில் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

அப்புறம், லினக்ஸ் வைத்திருக்கும் நேயர்களுக்கு. எந்த வானொலித் தளமாவது திறக்கவில்லை என்றால் வேஷம் போட்டுக் கேளுங்கள், தப்பில்லை. கேட்டு முடித்ததும் அவர்களுக்கு இரண்டு வரி எழுதிப்போடுங்கள். 2006இல் நான் எழுதவில்லை, அன்றைக்குக் கல்லாவில் ஆயிரத்து நானூறு ரூபாய் சேர்ந்திருந்தது, எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதும்போது எந்த உலாவி, எந்தப் பதிப்பு, என்ன பிழை வந்தது என்பதையும் மறக்காமல்... விளக்கு எரிகிறது. வணக்கம்.