நான்கு அங்குலமும் ஒரு மஞ்சாடியும்

வணக்கம், நேயர்களே. பழைய கார்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் பொறியாளன் அல்லன். அப்பாவின் மோரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் காரைத் துடைத்து வளர்ந்தவன், பிறகு சித்தப்பாவின் புரோட்டான் சாகா என்ற மலேசியக் காரை ஓட்டிப் பழகியவன். என் தகுதி அவ்வளவுதான்.

அப்பாவுடையது 1958ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி. பானெட்டின் நடுவில் நெடுக ஒரு பட்டை ஓடும். துடைக்கும்போது துணி அதன் விளிம்பில் தடுக்கும். அழகுக்கு வைத்தது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு மாதிரி வண்டி ஒடுங்கலாகத் தெரிந்திருக்கிறது. நெடுக்காக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகன்ற பிறகே மனம் ஒப்பினார். அந்தத் தழும்புதான் பட்டை. பம்பர்களை ஏற்கெனவே செய்துவிட்டதால், 1948இல் வந்த முதல் வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்கள். இறுகப் பிடிக்கும் சட்டையைப் பிரித்துத் தைப்பதுபோல.

திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கைகாட்டி எழும். மழைநாளில் சிக்கிக்கொள்ளும். அப்பா ஓட்டியபடியே வலப்பக்கத் தூணில் முஷ்டியால் ஒரு குத்து விடுவார், எழுந்துவிடும். இடப்பக்கக் கைகாட்டிக்கு நான் பொறுப்பு. பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் வளைவுகளில் என் கை சிவந்துவிடும்.

சாகா வந்தது 1985 ஜூலை 9 அன்று. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை ஒட்டி மலேசியாவின் ஷா ஆலாமில் செய்த வண்டி. சாகா என்பது நம் மஞ்சாடிதான், தட்டார் பொன் நிறுத்த அதே சிவப்பு விதை. மறுமாதமே பிரதமர் மகாதீர் ஒரு சிவப்புச் சாகாவைப் பினாங்குப் பாலத்தில் ஓட்டிச் சென்றார். தீவிலிருந்து கடலைக் கடக்கும் பெர்ரிக்கு வரிசையில் நின்று சலித்த எங்களுக்கு, பாலத்தின் 13.5 கிலோமீட்டரும் அந்தச் சிவப்பும் ஒன்றாகவே மனத்தில் பதிந்தன.

சாகாவைத் துடைத்தால் துணி எங்கும் தடுக்காது. அதில் எனக்குச் சின்னக் குறை உண்டு. ஆனாலும் மோரிஸைப் பொக்கிஷம் என்றும் சாகாவை வெறும் பழைய வண்டி என்றும் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பானெட்டைத் திறந்து பாருங்கள். சாகாவின் இயந்திரம் குறுக்கே கிடக்கும், இழுப்பது முன்சக்கரம். 1959இல் மினி காரின் மூலம் இந்த அமைப்பை ஊரறியச் செய்தவரே இசிகோனிஸ்தான். அப்பாவின் மோரிஸிலோ இயந்திரம் நெடுக்காக இருந்து பின்சக்கரத்தைத் தள்ளியது. இசிகோனிஸின் பிற்காலச் சிந்தனைக்கு நெருங்கியது சித்தப்பாவின் வண்டிதான்.

சித்தப்பா 1986இல் சாகா வாங்கியதும் அப்பாவை முன்னிருக்கையில் உட்காரவைத்துப் பாலத்தில் கூட்டிப்போனார். நான் பின்னால் இருந்தேன். மறுகரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் இறங்கி இடப்புறம் திரும்ப, சித்தப்பா சிக்னல் போட்டார். அப்பாவின் முஷ்டி தானாக எழுந்து கதவுத் தூணில் ஒரு குத்து விட்டது.